வெயிலுக்கு ஒரு வட்டவிதானை

முகாமுக்கென்று வந்த மின்சாரத்தில் பாதி, இறங்குதுறையிலேயே நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடிப் பலகையும் வயர்ச் சுருளும் வந்து சேர்ந்தன. பகலில் பிடிக்கிற வெயிலை இரவுக்குச் சேர்த்து வைக்கிற பற்றரியைத் துறைச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். பற்றரி குண்டு செய்யவும் உதவுமாம். மேலிடத்தில் கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்றார்களாம். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆவணி. ஐப்பசி பிறந்தும் மேலிடம் வாய் திறக்கவில்லை.

முகாம் இருந்தது கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில், ஒரு தென்னந்தோட்டத்துக்குள். ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த மூன்று ஊர்ச் சனம் ஒரு வருசத்துக்கு மேலாகத் தறப்பாள் கூடாரங்களின் கீழே கிடந்தது. எல்லாம் கிளிவெட்டிப் பக்கத்து வயற்காரச் சனம். பொழுது பட்டால் அக்கரையில் திருகோணமலைத் துறைமுகம் கலியாண வீடு மாதிரி மினுங்கும். இக்கரையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு. அதுவும் நிவாரண எண்ணெய் முடியும் வரைக்கும்தான்.

பலகையை லோஞ்சுப் படகில் ஏற்றி வந்தவன் கிறிஸ்தோபர். ரவுணில் பிறந்து வளர்ந்தவன், நிவாரண நிறுவனமொன்றில் வேலை. பற்றரி வராத வெட்கத்தை மறைக்க அவன் அன்றைக்கு நிறையக் கதைத்தான். வருசத்தில் பத்து மாதம் இந்தக் கரையில் வெயில் எரிக்கிறது, அதை ஒருவரும் ஒரு பொருளாகவே நினைப்பதில்லை என்றான். தன் வீட்டுக் கூரையிலும் ஒன்று பூட்டியிருக்கிறானாம். லைன் அறுந்த நாட்களிலும் அவன் வீட்டில் காற்றாடி சுற்றுகிறதாம்.

"ரவுணில ஒவ்வொரு கூரையிலயும் இதில ரெண்டு பூட்டினாக் காணும், ஐயா. வெளியூர்க் கறண்டை நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை."

"கூரை இருக்கிற ஆக்களிட்டச் சொல்லும், தம்பி," என்றார் தம்பிராசா. ஊரில் வண்டில் ஓட்டியவர். மாடும் வண்டிலும் ஊரோடு போக, வாய் மட்டும் அவரோடு வந்திருந்தது. "சூரியனைச் செக்பொயின்றில மறிக்கேலாது எண்டு நானும் நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். அவங்கள் அதுக்கும் வழி கண்டுபிடிச்சிட்டாங்கள்."

தோட்டத்தின் நடுவில் தென்னை இல்லாத ஒரு வெளி இருந்தது. அங்கே நாலு கப்பு நட்டுப் பலகையைப் பூட்டிவிட்டு, நாலு வயர் இழுத்துப் போன் கொழுவ வழி செய்து கொடுத்தான் கிறிஸ்தோபர். பற்றரி இல்லாதபடியால் வெயில் நிற்கும் வரைக்கும்தான் வயரில் உயிர் நிற்கும். முகில் மூடினால் போன் சார்ஜ் ஏறாது. அவ்வளவுதான் விசயம். ஆனால் அந்த நாலு வயருக்கும் ஒரு கிழமைக்குள் அடிபிடி வந்து, ஒருவனுடைய மண்டை தென்னம்மட்டையால் பிளந்தது. அடுத்த நாள் விடிய மூன்று ஊராரும் குலசிங்கத்தின் தறப்பாளுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

குலசிங்கம் இருபத்திரண்டு வருசம் வட்டவிதானையாக இருந்தவர். குளத்துத் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திறந்து விடுவது அவர் வேலை. தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோகத்தில் முறை தப்பித் திறந்த மடையைத் தன் கையாலேயே மண் வெட்டி அடைத்தார். அது சொந்தத் தம்பியின் மடை. தம்பி இரண்டு வருசம் முகம் பார்க்கவில்லை. இவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வெயிலைப் பிரித்துக் கொடு என்று சனம் வந்து நின்றது.

அவர் ஒரு நாள் முழுக்க அந்த வெளியில் இருந்து, தென்னை நிழல் எங்கே எப்போது விழுகிறது என்று பார்த்தார். பிறகு சொன்னார். காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு வரைக்கும் நாலு முறை. முறைக்கு இரண்டு மணித்தியாலம், நாலு போன். இன்றைக்கு எட்டு மணிக்கு வைத்தவர் நாளைக்குப் பத்து மணிக்கு, மறுநாள் மத்தியானம், அதற்கடுத்த நாள் பின்னேரம். இப்படிச் சுழன்றால் நடுவெயிலும் சாய்ந்த வெயிலும் எல்லாருக்கும் ஒருபோல வரும். முகாமில் மற்றவர்களிடம் பதினாறு போன். கணக்குச் சரியாக வந்தது. விதானையின் போன் பதினேழாவது. அது நாலு மணிக்குப் பிறகு.

அதை யாரும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. ஊர் வழக்கம் அது. வட்டம் முழுக்கப் பாய்ந்த பிறகுதான் விதானையின் வயலுக்கு மடை திறக்கும். முந்திப் பாய்ச்சிய விதானையின் சொல்லை வாய்க்காலில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

குலசிங்கத்தின் மனைவி கமலேஸ்வரிக்கும் அது தெரியாததல்ல. இருபத்திரண்டு வருசமும் அவளுடைய வயல்தான் கடைசி. மழை பொய்த்த வருசங்களில் அவர்களுடைய இரண்டு ஏக்கரும் வெடித்துக் கிடக்கும். ஆனால் சூடடித்ததும் ஒவ்வொரு கமக்காரனும் விதானைக்குரிய நெல்லைக் கொண்டுவந்து போடுவான். அவர்கள் வயல் காய்ந்ததைக் கண்டவன் பேசாமல் ஒரு சாக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போவான். கடைசியாக நின்று அவள் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. "விதானையின்ர மனுசி" என்று சந்தையில் இடம் விடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு நிமிர்வுகூட இருந்தது.

இந்தப் போன் விசயம் வேறு. அது கதைத்துச் சிரிக்க வைத்திருந்த போன் அல்ல.

அவர்களுடைய ஒரே மகன் ஞானசேகரம். வயது இருபத்துநாலு. கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்கு நின்றவனை ஆனி மாதம் அவன் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். குற்றம் எழுதப்படவில்லை. ஊரும் பேரும் சரியா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு லோயர் காசு வாங்காமல் எடுத்து நடத்த ஒத்துக்கொண்டார். அவருடைய கந்தோரில் வேலை செய்யும் புஸ்பராணி என்ற பிள்ளை கமலேஸ்வரிக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாள் சேகரத்தை நீதவான் முன்னுக்குக் கொண்டுவருவார்கள். திகதி இரண்டு நாளைக்கு முதல்தான் தெரியவரும். அன்றைக்குத் தாயோ தகப்பனோ பிறப்புப் பத்திரத்தோடும் கிராம சேவகரின் கடிதத்தோடும் வந்து, "இவன் எங்கட பிள்ளை" என்று சொன்னால் விடுவதற்கு நல்ல இடமிருக்கிறது. ஒருவரும் வராவிட்டால் அவனை எங்கே அனுப்புவார்கள் என்று லோயருக்கே தெரியாது. திகதி தெரிந்தவுடன் போன் எடுப்பேன், போனை நிப்பாட்டி வையாதேயுங்கோ, அம்மா என்றும் சொன்னாள்.

அவள் போன் எடுத்துத் திகதியைச் சொன்னால்தான் முகாமை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைக்கும். கமலேஸ்வரி பத்திரத்தையும் கடிதத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்புச் சேலைக்குள்ளேயே வைத்திருந்தாள். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள்.

இன்னொருவருடைய நம்பரையும் கொடுத்து வைத்தால் நல்லது என்று அவள் பக்கத்துத் தறப்பாள் இராசமலரிடம் கேட்டுப் பார்த்தாள். இராசமலர் நல்லவள்தான். அரிசி இல்லாத நாள் கேட்காமலே கொண்டுவந்து தருவாள். ஆனால் அன்றைக்கு அவள் முகம் கறுத்தது.

"கோவிக்காதேங்கோ, அக்கா. எனக்கு ரெண்டு பொடியள் இருக்கிறாங்கள். உள்ளுக்கை இருக்கிற பிள்ளையின்ர பைலில என்ர நம்பர் கிடந்தா நாளைக்கு என்னைத் தேடி வருவாங்கள்."

கமலேஸ்வரி கோவிக்கவில்லை. அவளுடைய இடத்தில் நின்றிருந்தால் தானும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆவணியும் புரட்டாதியும் பிரச்சினையில்லாமல் போயின. நாலு மணிக்குப் பிறகும் தென்னைகளுக்கு இடையால் வெயில் விழுந்தது. இரவில் நிப்பாட்டி வைத்தால் அந்தச் சார்ஜ் அடுத்த பின்னேரம் வரைக்கும் தாராளமாகப் பிடித்தது. ஐப்பசி பிறந்ததும் வானம் குணத்தை மாற்றிக்கொண்டது. காலையில் கண் கூசும். மத்தியானம் மண் சுடும். இரண்டு மணி தாண்ட மேற்கே காட்டுப் பக்கம் கறுத்து, நாலு மணிக்கு இடி முழங்கி மழை கொட்டும். வயலில் நின்ற காலம் என்றால் ஐப்பசி மழையைக் கண்ட விதானை முறையை விட்டுவிட்டுப் போர்த்துக்கொண்டு படுக்கலாம். இங்கே அந்த மழைதான் விதானையின் முறையைத் தின்றது.

ஒரு கிழமையில் போனின் நாலு சார்ஜ் கோட்டில் மூன்று ஒவ்வொன்றாக இறங்கின. ஞாயிற்றுக்கிழமை விடிய ஒன்றுதான் மிச்சம். கமலேஸ்வரி ஈரத் தேங்காய்ப் பொச்சை ஊதி ஊதி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். நிவாரண மாவில் ரொட்டி, பருப்பு. தேங்காய் தோட்டக்காரனுடையது, விழுந்ததை எடுத்தாலும் காவல்காரன் ஏசுவான். புகையில் கண் எரிய எரியத்தான் அவள் கதையைத் தொடங்கினாள்.

"ஒரு கோடுதான் நிக்குது, இஞ்ச பாருங்கோ."

"இண்டைக்குப் பின்னேரம் வெளிக்கும்."

"நேற்றும் இதைத்தான் சொன்னனீங்கள். ஒரு நாளைக்கு மத்தியான முறையில வையுங்கோவன். ஆர் என்ன சொல்லப்போகினம்?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்." அவர் ரொட்டியைப் பிய்த்தபடி நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "அதுதான் எனக்குப் பயம். இண்டைக்கு நான் வைச்சா, நாளைக்கு ஆர் வைச்சாலும் நான் வாய் திறக்கேலாது. பிறகு திரும்பவும் மட்டையைத் தூக்குவாங்கள். சண்டை எண்டு ஆமி உள்ளுக்கு வந்தா, பலகையோட நாலு பொடியளையும் சேத்துக் கொண்டு போவான்."

"இது பிள்ளையின்ர விசயம்."

"எல்லாருக்கும் பிள்ளையள் இருக்கு, கமலம்."

"எல்லாற்ற பிள்ளையும் உள்ளுக்கை இல்லை."

அவர் பாதி ரொட்டியைக் கோப்பையில் விட்டுவிட்டு எழுந்து பலகை நின்ற வெளிக்குப் போனார். எட்டு மணி முறைக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் இராசமலருடைய முறை. அவளுடைய மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள், கிழமைக்கு ஒரு தரம் போன் எடுப்பாள். நம்பர் கொடுக்காத உறுத்தலோ என்னவோ, இராசமலர் தன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கமலேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தன்னுடைய வயரில் அவளுடைய போனைக் கொழுவிவிடச் சொன்னாள். கமலேஸ்வரி கொழுவினாள். வயரின் நுனியில் சின்னப் பச்சை வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அவள் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை, குலசிங்கம் வந்துவிட்டார். மனைவியை அவர் பார்க்கவில்லை.

"இது உங்கட முறை, தங்கச்சி. உங்களுக்கு வேணுமெண்டா நீங்கள் வையுங்கோ. வேண்டாமெண்டா அடுத்த ஆளுக்குப் போகும். கைமாத்தேலாது."

"என்ர பங்கைத்தானே அண்ணை, நான் குடுக்கிறன்."

"வாய்க்காலில இப்பிடித்தான் தொடங்கினது. முதல் நாள் சும்மா குடுத்தாங்கள். பிறகு வித்தாங்கள். கடைசியில இல்லாதவன்ர வயல் காய்ஞ்சுது."

இராசமலர் தன் போனை எடுத்துக் கொழுவினாள். கமலேஸ்வரி தன்னுடையதைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு திரும்பினாள். மனிசன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சரியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் ஒரு தரம் கீச்சிட்டுவிட்டுச் செத்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கே மழை பிடித்தது. குலசிங்கம் போனைப் பொலித்தீனால் மூடிப் பலகையின் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, ஐந்தரை வரைக்கும் மழைக்குள் நின்றார். பச்சை வெளிச்சம் வரவில்லை. நனைந்து விறைத்து வந்தவருக்கு அவள் துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை விடிய அவள் அவரைக் கேட்கவில்லை. மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாணும் மீனும் கொண்டுவந்து விற்கும் ஸஹாப்தீன் முகாம் வாசலுக்கு வந்தபோது, போனை அவன் கையில் வைத்தாள். மூதூரில் அவன் வீட்டில் கறண்ட் இருந்தது. அவன் பின்னால் சென்றிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"சார்ஜ் ஏத்தித் தாறன், அக்கா. நாளைக் காலையில கையில தருவன். ஆனா சிம்மைக் கழட்டி வெச்சுக்கிட்டுத் தாங்க. போற வழியில போனை வாங்கி நம்பரெல்லாம் பாக்குறானுகள்."

சிம்மைக் கழற்றிப் பத்திரப் பைக்குள் வைத்தாள். உள்ளே இருக்கிற பிள்ளையின் தாயுடைய சிம்மைத் தங்கள் போனில் போட முகாமில் ஒருவரும் துணியமாட்டார்கள். அதைவிடச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு நாள் முந்தியே கொடுத்திருக்கலாம். ஆனால் அப்போது போனில் ஒரு கோடு உயிர் இருந்தது; உயிரோடு இருந்த போனைக் கையை விட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஸஹாப்தீன் சொன்னபடி கொண்டுவந்து தந்தான். நாலு கோடும் நிரம்பியிருந்தது. அவள் வாசலிலேயே குந்தியிருந்து சிம்மைப் போட்டாள். ஐந்து நிமிசம் ஆகவில்லை, போன் அடித்தது. குரல் பக்கத்தில் நின்று கதைப்பது போலத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்? கொழும்புக்கு வந்திட்டீங்களோ?"

"ஆர், புஸ்பராணிப் பிள்ளையோ?"

"ஓம். செவ்வாய்க்கிழமை பத்து மணியில இருந்து எடுக்கிறன், அம்மா. நேற்று எட்டுத் தரம் எடுத்தனான். இண்டைக்கு ஒன்பதரைக்கு அவரைக் கோட்டுக்குக் கொண்டுவருகினம்."

"நாங்கள் இஞ்ச முகாமிலதான் நிக்கிறம், பிள்ளை," என்றாள் கமலேஸ்வரி. லோயர் ஐயா வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டுப் பார்ப்பார் என்றுவிட்டுப் போனை வைத்தாள் புஸ்பராணி.

கொழும்புக்கு ஒரு பகல் பயணம். பறந்தாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் போக முடியாது. அப்படியிருந்தும் குலசிங்கம் முகாம் கந்தோருக்கு ஓடினார். பாஸ் தருகிறவர் பத்து மணிக்குத்தான் வருவாராம். அவர் திரும்பி வந்து தறப்பாள் வாசலில் இருந்தார். எட்டு மணி முறைக்கு அன்றைக்கு யார் ஆள் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. யாரும் சண்டை பிடிக்கவில்லை.

ஒரு மணிக்கு மறுபடி போன் வந்தது. புஸ்பராணி சுருக்கமாகச் சொன்னாள். தவணை கிடைக்கவில்லை. பிள்ளைக்கு உரித்தானவர்கள் ஒருவரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறது. இனி ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பார்ப்பார்கள்.

"அவன் என்னவும் சொன்னவனோ?" என்று கேட்டாள் கமலேஸ்வரி.

"ஆக்கள் வந்திருக்கினமோ எண்டு ரெண்டு தரம் கேட்டவர். நான் வெளியில நிக்கினம் எண்டு சொன்னனான். பொய்தான், அம்மா. அந்த நேரம் வேற ஒண்டும் வாயில வரேல்லை."

கமலேஸ்வரி போனை மடியில் வைத்தாள். புருசனைப் பார்த்தாள். கத்த வேண்டும் என்று நினைத்தாள். சொல் மெதுவாகத்தான் வந்தது.

"நெல்லெண்டாச் சூடடிச்சு முடியக் கொண்டுவந்து தருவினம். இதை ஆர் எங்களுக்குத் திருப்பித் தரப்போகினம்?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு இன்னும் நாலு சொல் வாயில் இருந்தது. அந்தத் தலையைப் பார்த்த பிறகு அதையும் விழுங்கிக்கொண்டாள்.

கதை பொழுதுபடுமுன் முகாம் முழுக்கப் பரவியது. தம்பிராசா ஒரு பகிடியும் விடாமல் வந்து இருந்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மத்தியான முறை நேரத்துக்கு இராசமலர் வந்து தறப்பாளுக்கு வெளியே நின்றாள். சுழற்சியில் அன்றைக்கு மத்தியானம் மறுபடி அவளுடைய முறை.

"அக்கா, எல்லாரும் கதைச்சுப்போட்டம். இனி மத்தியானத்தில ஒரு வயர் உங்களுக்குத்தான். எழும்பி வாங்கோ."

போனில் நாலு கோடும் அப்படியே இருந்தது. ஆறு மாதத்துக்கு அதற்குக் கந்தோரிலிருந்து ஒருவரும் எடுக்கப்போவதில்லை. கமலேஸ்வரி உலையைப் பாதிக் கொதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள். வெளியில் நின்ற சனம் விலகி வழி விட்டது. ஊர்ச் சந்தையில் விட்டதைவிட அகலமான வழி. ஒரு வயர் ஆளில்லாமல் தொங்கியது. அவள் போனைக் கொழுவினாள். பச்சை வெளிச்சம் வந்தது.

குலசிங்கம் பலகைக் கப்பில் சாய்ந்து நின்றார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம்.

"இது எங்கட முறை இல்லை," என்றார்.

"தெரியும்."

"கழட்டு, கமலம்."

"நீங்கள் கழட்டுங்கோ."

"விடும் விதானை, நாங்கள் விரும்பித்தானே குடுத்தம்," என்று தம்பிராசா முன்னுக்கு வந்தார். குலசிங்கம் அவரைக் கையால் மறித்தார். குனிந்தார். இரண்டாம் தரம்தான் பிடி கிடைத்தது. போனைக் கழற்றி மனைவியின் கையில் வைத்தார். பிறகு, ஒவ்வொரு நாளும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"இராசமலர்."

இராசமலர் அசையவில்லை. போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இராசமலர்ர முறை," என்றார் மறுபடி. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்கடுத்த பெயரையும். பதினாறு பேரில் ஒருவரும் வரவில்லை. மற்ற மூன்று வயரில் கொழுவியிருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் போனைக் கழற்றிக்கொண்டு விலகினார்கள். வெளி காலியானது.

கமலேஸ்வரி அடுப்படிக்குத் திரும்பி வந்து உலையைப் பார்த்தாள். சோறு அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. இறக்கி வைத்தாள். அங்கிருந்து பார்க்க அவர் தெரிந்தார். முகில் ஒரு துண்டும் இல்லை. பலகை முழுக்க வெயில் நின்றது. அவர் அந்த வெறும் வயரின் நுனியைக் கையில் பிடித்தபடி, யாராவது வருவார்கள் என்பது போலத் தறப்பாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியான முறை முடிகிற இரண்டு மணி வரைக்கும் நின்றார். அவள் சாப்பிடக் கூப்பிடவில்லை.